மூலையில் நிற்பவனுக்கு என்ன விலை?

புரோ கபடி ஏலம் நடக்கும் நாட்களில் தமிழ் தலைவாஸ் ரசிகர்களின் வாக்குவாதம் எப்போதும் எதிர்க்களத்துக்குள் பாடிப் போகும் ரெய்டரில்தான் தொடங்கும். யாருக்கு ஒரு கோடி, யாருக்கு இரண்டு கோடி, அவ்வளவு பணத்துக்கு அவர் உடம்பு ஒரு சீசன் தாங்குமா என்று பேச்சு சூடாகும். அந்தச் சூடு தணிந்து, ஏலத்தின் நடுவில் சந்தடியில்லாமல் இருபது, முப்பது லட்சத்துக்கு எடுக்கப்பட்ட, மூலையில் நின்று பிடிக்கும் ஒரு கார்னர் ஆட்டக்காரரின் பெயர் அடிபடும்போதுதான் ஆட்டம் தெரிந்தவர்கள் வாயைத் திறப்பார்கள். போன வருஷம் எத்தனை மேட்ச் இறங்கினான், எத்தனை பிடி பிடித்தான், எத்தனை முறை அவசரப்பட்டுப் பாய்ந்து பாயிண்ட் கொடுத்தான், பக்கத்தில் நிற்கப்போகும் கவர் யார் என்று ஒவ்வொன்றாக அலசுவார்கள். அணியின் தலையெழுத்து இந்த நடுவிலை ஆளிடம்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு குழுவுக்கு ஆள் பொறுக்குவதும், பொறுக்கப்பட்டவன் தகுதியானவனா என்று ஊர் கூடிப் பேசுவதும் தொலைக்காட்சி கொண்டுவந்த பழக்கங்கள் இல்லை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, உத்திரமேரூரில், அந்தக் காலத்து ஊர்ச்சபை கூடிய மண்டபத்துச் சுவரில், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை வரிக்கு வரி வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை.

குடவோலை என்ற அந்த முறையைச் சொன்னதும் பானைக்குள் கைவிடும் சிறுவன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவான். ஆனால் கல்வெட்டு அதிக அக்கறை காட்டுவது பானைக்குள் எந்தப் பெயர் போகலாம் என்பதில். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரித்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களும் விலக்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முந்தைய கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. நடைமுறையில் ஏதோ சரிப்பட்டு வராமல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். இந்தச் சல்லடையெல்லாம் முடிந்தபிறகே ஓலை நறுக்குகள் குடத்துக்குள் போகும். என்ன நடக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர் வாசிக்க, அங்கே இருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

சாதியாலும் சொத்தாலும், பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரம்மதேய ஊர் ஒன்றின் உள்வட்டத்துக்குள் அடங்கிய முறைதான் அது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனாலும் அதன் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. தகுதியை மனிதர்கள் எடைபோட்டார்கள். கடைசி முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு குடத்திடம் விட்டார்கள்.

இதே கட்டமைப்பு தெருப்பிள்ளைகளின் விளையாட்டிலும் இருந்தது. உத்தி பிரித்தல் என்றால் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் புரியும். சடுகுடு ஆடுவதற்குப் பதினான்கு பேர் சேர்ந்தால், இரண்டு பேர் தலைவர்களாக ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக, தோளில் கைபோட்டுக்கொண்டு, காதுக்கு எட்டாத தூரம் போவார்கள். ஒருவன் சூரியன், இன்னொருவன் சந்திரன். அல்லது ஒருவன் மல்லிகை, இன்னொருவன் முல்லை. திரும்பி வந்து தலைவர்களிடம் எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு தலைவர் சூரியன் என்று சொன்னால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டவன் அவர் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடி வரும்போது முதலில் கேட்கும் உரிமை மற்றத் தலைவருக்கு.

இதில் எழுதப்படாத ஒரே ஒரு விதி இருந்தது: ஜோடி சேருகிறவர்கள் சமபலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். நன்றாகப் பாடிப் போகிறவன் அதேபோல் பாடிப் போகிற இன்னொருவனோடுதான் சேர வேண்டும். காலைப் பிடித்தால் விடாதவன் இன்னொரு பிடிகாரனோடுதான். கெட்டிக்காரன் ஒருவன் சோனிப்பையனை இழுத்துக்கொண்டு போனால் கூட்டம் விடாது, கலைத்துவிடும். ஆக, மதிப்பிடும் வேலையைத் தலைவர்கள் செய்யவில்லை, ஆடுகிறவர்களே செய்தார்கள். இவன் எனக்குச் சமம் என்று ஒருவனைத் தேர்ந்துகொள்வதைவிடக் கறாரான மதிப்பீடு வேறு என்ன இருக்க முடியும்? அந்த முறையால் எந்தப் பக்கமும் ஒரேயடியாகப் பெருத்துவிடவில்லை. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று ஒரு நூலே எழுதி, சடுகுடு உள்ளிட்ட ஆட்டங்களை வரிசையாகப் பதிவு செய்தார். அப்படிப் பதிவு செய்ய வேண்டிய அளவுக்கு இந்த ஆட்டங்களில் ஒழுங்கும் நுணுக்கமும் இருந்தன.

எந்தப் பக்கமும் பெருத்துவிடக் கூடாது என்ற அதே கவலையில்தான் அமெரிக்காவிலும் ஒரு முறை பிறந்தது. அங்குள்ள தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துச் சங்கமான என்.எஃப்.எல்., பணக்கார அணிகளே நல்ல கல்லூரி ஆட்டக்காரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில், அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் ஒரு டிராஃப்ட் நடத்தியது. யோசனை பெர்ட் பெல் என்பவருடையது. கடந்த ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கும். ஜெயித்த அணி கடைசியில். அந்த முதல் டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். தேர்வு எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு முதல் நாளிலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

அமெரிக்க ஆட்டத்திலும் கார்னர் என்றொரு இடம் உண்டு. எதிராளி ஓரமாக ஓடிவந்து பந்தைப் பிடிக்காமல் தடுக்கிற ஆள் அவர். கபடியின் கார்னர் வேறு வகை. ஆனால் இருவர் நிலையும் ஒன்றுதான். இருவரும் எதிராளியின் அசைவுக்குக் காத்திருந்து ஆடுகிறவர்கள். இருவரும் ஒருமுறை தவறினால் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள்; ஒன்பது முறை சரியாகச் செய்தால் யாரும் பார்ப்பதில்லை.

கபடியில் ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். இரண்டு ஓரங்களிலும் இரண்டு கார்னர், அவர்களை ஒட்டி இரண்டு இன், பிறகு இரண்டு கவர், நடுவில் ஒரு சென்டர். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ரெய்டருக்கு 30 நொடி. நடுக்கோட்டைத் தாண்டி வருகிறவர் யாரையும் தொடாவிட்டால் பாக் கோட்டைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கும் அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால், ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றி, பின்கால் தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் ரெய்டருக்கு ஒரு புள்ளி. கார்னர் காத்திருப்பது அந்தக் கணத்துக்காகத்தான்.

கணுக்கால் பிடி என்பதைத் தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: கார்னர் ரெய்டரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. இடுப்பையும் முழங்காலையும் பார்க்கிறார். முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், கையும் பொய் சொல்லும். உடம்பின் முழுப் பாரமும் எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தக் கால் பொய் சொல்ல முடியாது. பாரம் இறங்கும் காலை அரை நொடி முன்னால் பிடித்தால் ரெய்டர் அதைத் தூக்கிக்கொண்டு குதித்துவிடுவார். அரை நொடி பின்னால் பிடித்தால் அவர் ஏற்கனவே திரும்பியிருப்பார். பிடித்த கையை உடனே மார்போடு இழுத்து அணைத்து, தன் உடம்பைத் தரையில் பரப்பி, பாரமாக மாற வேண்டும். பிடித்த பிறகு விடாமல் இருப்பது வலு. எப்போது பிடிப்பது என்பது புத்தி. பாலாற்றங்கரை ஊர்களில் மணலில் ஆடியவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் இயல்பாக வந்தது, விழுந்தால் மணல் தாங்கும் என்பதால். கட்டாந்தரையில் ஆடியவர்கள் நின்றபடி தொடையைக் கட்டிப்பிடிக்கும் பிடியை வளர்த்துக்கொண்டார்கள். மேட் விரிப்பில் ஆடும் இன்றைய ஆட்டக்காரருக்கு இரண்டும் வேண்டும்.

கார்னர் தனியாக ஜெயிக்கவும் முடியாது. அவர் காலைப் பிடித்த மறுநொடி பக்கத்துக் கவர் வந்து ரெய்டரின் வழியை அடைக்காவிட்டால், ஆறடி உயர ரெய்டர் கார்னரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்பவர்களுக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்: உடல் நிறமும் கரை நிறமும் வேறாக இருக்கும் புடவையில் தறிக்காரர் ஒரு பக்கம் நாடாவை ஓட்ட, மறுபக்கம் கரை நாடாவைத் தள்ளித்தர ஒரு துணையாள் உட்கார்ந்திருப்பார், அவர் ஒரு இழை தவறவிட்டாலும் கரை பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கடையில் புடவை வாங்குகிறவர் துணையாளை நினைப்பதில்லை. புள்ளிப் பட்டியலும் கவரை நினைப்பதில்லை. நான்கு பேர் சேர்ந்து அமுக்கினாலும் டேக்கிள் புள்ளி ஒருவர் கணக்கில்தான் ஏறும்.

இதனால்தான் நடுவிலையில் வாங்கப்பட்ட ஒரு தடுப்பாட்டக்காரரைப் புள்ளிகளை மட்டும் வைத்து எடைபோடுகிற ரசிகர் பல நேரம் ஏமாந்துபோகிறார். போன சீசனில் அவருக்கு 25 டேக்கிள் புள்ளிகள் என்றால், பக்கத்தில் யார் நின்றார், அணி எத்தனை முறை மூன்று பேராகச் சுருங்கி சூப்பர் டேக்கிளுக்குத் தள்ளப்பட்டது, மூன்றாவது ரெய்டில் வந்தே தீர வேண்டிய கட்டாயத்தில் இருந்த ரெய்டர்களைத்தான் அவர் பிடித்தாரா என்றெல்லாம் கேட்காமல் அந்த 25-க்கு அர்த்தமில்லை.

மண் களத்திலிருந்து இந்தக் கணக்கு வழக்குக்கு வந்து சேர்ந்த பாதை நீளமானது. 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் போட்டிகளில் கபடி இடம்பெற்றது. 1950-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் இந்தியாவைத் தவிர வேறு யாரிடமும் போகவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் காலகட்டத்தின் பெரிய பெயர் மணத்தி கணேசன். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையின் தாக்கத்தில் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025-இல் வெளிவந்தது.

அந்த நாட்களில் ஏலம் கிடையாது. ஆட்டக்காரனுக்கு விலை என்றால் அது வேலைதான். ரயில்வே, ஐ.சி.எஃப்., காவல் துறை, மின்வாரியம் என்று ஏதாவது ஓர் அணியில் இடம் கிடைத்தால் வாழ்நாள் சம்பளம். கிராமத்துப் போட்டிகளில் ஓரமாக நின்று பார்க்கும் ஓர் அதிகாரியின் கண்ணில் படுவதற்காகப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பாடிப் போகிறவன் கண்ணில் படுவது எளிது. பிடிக்கிறவன் படுவதற்குப் பல போட்டிகள் ஆக வேண்டும். சினிமாவும் அதே கண்ணோடுதான் பார்த்தது: 2004-இல் ‘கில்லி’யிலும் 2009-இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’விலும் கதாநாயகன் எதிர்க்களத்துக்குள் போகிறவன். மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவனை மையமாக வைத்து யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். காத்திருப்பதில் உள்ள பதற்றம் ரெய்டில் உள்ள பதற்றத்துக்குக் குறைந்ததில்லை.

அப்படி ஒரு படத்துக்கு ஆள் தேட வெகுதூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சேனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் இருக்கிறார். 1975-இல் பிறந்தவர். புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான தடுப்பாட்டக்காரர்கள் பயிற்சியாளராக மாறிவிடும் வயது. 2016-இல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் தலைவர். வலது கார்னரில் 41 வயது சேரலாதன், இடது கார்னரில் அவரைவிடப் பதினேழு வயது இளைய ஈரானியர் ஃபசல் அத்ராச்சலி. இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள். அதே ஆண்டு அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். 2018 ஏலத்தில், 43 வயதில், யு மும்பா அவரை 46 லட்சத்துக்கு எடுத்தது. லீக் முழுக்க ஆட்டக்காரர்கள் அவரை மொழி வேறுபாடு இல்லாமல் ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். ரெய்டருக்குக் கால் வேகம் போனால் ஆட்டம் போச்சு. கார்னருக்குக் கண் இருக்கும்வரை ஆட்டம் இருக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைக்காது.

2014 மே மாதம் நடந்த புரோ கபடியின் முதல் ஏலத்தில் அதிக விலைபோன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 லட்சம். அண்மை சீசன்களில் மூன்றாம் பிரிவு ஆட்டக்காரரின் அடிப்படை விலையே அதைவிடச் சற்று அதிகம். பணம் ஏற ஏற அது ரெய்டர்கள் பக்கமே சாய்ந்தது. அந்தப் போக்கை உடைத்தவர் ஃபசல் அத்ராச்சலி. 2018 மே மாத ஏலத்தில் யு மும்பா அவருக்கு 1 கோடி கொடுத்தது. புரோ கபடியில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் ஆள் ஒரு ரெய்டராக இல்லாமல் கார்னராக அமைந்தார். மூன்று மாதம் கழித்து ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தி, 1990 முதல் காத்த தங்கத்தைப் பறித்தது. அந்த அணியில் ஃபசல் இருந்தார். 2023 ஏலத்தில் இன்னொரு ஈரானியத் தடுப்பாட்டக்காரர் முகமத்ரெசா ஷாட்லுய் 2.35 கோடிக்குப் போனார்.

உச்சியில் இப்படி. நடுவில் என்ன நடக்கிறது என்பதே ரசிகருக்குப் பெரிய கேள்வி. ஆட்டக்காரர்கள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, அண்மை சீசன்களில் அடிப்படை விலை 30, 20, 13, 9 லட்சம் என்று வைக்கப்பட்டது. அணி ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 5 கோடிதான். இந்த உச்சவரம்பில் உத்தி பிரித்தலின் பழைய நியாயம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது: ஒருவருக்கு இரண்டு கோடி கொட்டினால் மற்ற இடங்களை மலிவாக நிரப்பியாக வேண்டும். அப்படி நிரப்பும்போது அறிவாளி அணி எது, அவசர அணி எது என்று தெரிந்துவிடும்.

தமிழ் தலைவாஸ் இதைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டது. 2017-இல் லீகில் சேர்ந்தது. அதே ஆண்டு தமிழ் விளையாட்டுத் தொலைக்காட்சியும் வந்ததால், காஞ்சிபுரத்து நெசவுத் தெருவிலும் வர்ணனை தமிழில் ஒலித்தது. அஜய் தாக்குர் தலைவர், சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல் ஹாசன் தூதர் என்று ஆரவாரமான தொடக்கம். முதல் இரண்டு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019-இல் இன்னும் பெரிய பெயர்களாகத் திரட்டினார்கள்: 94 லட்சத்துக்கு ராகுல் சவுத்ரி, தடுப்பில் மஞ்சீத் சில்லர், 45 லட்சத்துக்கு மோஹித் சில்லர், ரண் சிங். காகிதத்தில் அதைவிட அனுபவமுள்ள தடுப்பு வேறெங்கும் இல்லை. முடிவு, 12 அணிகளில் 12-ஆம் இடம். ரசிகர்கள் அந்த ஆண்டு பட்ட வேதனை கொஞ்சமல்ல.

பிறகு அணி கலைக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பெங்களூரில் பார்வையாளர் இல்லாமல் நடந்த எட்டாவது சீசனில் 75 லட்சத்துக்கு எடுத்த சுர்ஜீத் சிங்கைச் சுற்றி, பெரிய விலை எதுவும் போகாத இளைஞர்கள் நின்றார்கள்: வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாகில், கவரில் தமிழ்நாட்டு எம். அபிஷேக், மோஹித், ஹிமான்ஷு. அணி 11-ஆவதாகத்தான் முடித்தது. ஆனால் சாகர் 82 டேக்கிள் புள்ளிகளோடு லீகிலேயே இரண்டாம் இடத்தில் நின்றார். பட்டியலின் அடியில் கிடந்த அணியில் ஒரு கார்னர் இப்படி ஆடியதை, தோல்விகளால் சலித்துப்போயிருந்த பலர் கவனிக்கவே இல்லை. அடுத்த ஏலத்தில் 2.26 கோடிக்கு பவன் செராவத் வந்தார். பேச்செல்லாம் அவரைப் பற்றி. 2022 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். முடியவில்லை. புதுமுக ரெய்டர் நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பின்னால் முந்தைய ஆண்டு வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் பழகிய இளம் தடுப்பு நின்றது. யு.பி. யோத்தாஸுடன் 36-36 எனச் சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என வென்று, தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி போனது. அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று தோற்றது. இரண்டு கோடிக்கு வாங்கியவர் வெளியே உட்கார்ந்திருந்த சீசன்தான் அந்த அணியின் மிகச் சிறந்த சீசன்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 2011 டிராஃப்ட்டின் ஐந்தாவது சுற்றில், 154-ஆவது ஆளாக, ரிச்சர்ட் ஷெர்மன் என்ற கார்னரை சியாட்டில் சீஹாக்ஸ் எடுத்தது. கல்லூரியில் பந்து பிடிக்கிறவராகத் தொடங்கிப் பாதியில் தடுப்புக்கு மாறியவர் அவர். அதனால் மற்ற அணிகள் தயங்கின. முந்தைய ஆண்டு அதே அணி அதே ஐந்தாவது சுற்றில் 133-ஆவதாக எடுத்தவர் காம் சான்சலர். இந்த நடுச்சுற்றுக்காரர்கள் அமைத்த தடுப்பு 2014 பிப்ரவரி 2 அன்று சூப்பர் பவுல் இறுதியில் டென்வரை 43-8 என்று நொறுக்கியது. எடுத்த நாளன்று ஷெர்மனைப் பற்றி நாட்டில் பெரிய பேச்சு எதுவும் இல்லை.

நம் கால்பந்திலும் டிராஃப்ட் பார்த்தோம். 2017 ஜூலையில் மும்பையில் ஐ.எஸ்.எல். அணிகள் சுற்றுச் சுற்றாக இந்திய ஆட்டக்காரர்களை எடுத்தபோது முதல் ஆளாகப் போனவர் கேரளத்துத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தோடிகா, எடுத்தது ஜாம்ஷெட்பூர். கோப்பையை வாங்கியதோ சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என வென்றபோது, மூன்றில் இரண்டு கோல் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் அடித்தவை.

காஞ்சிபுரம் பக்கத்து ரசிகர்களிடம் இன்னொரு ஆதங்கமும் உண்டு, அது நியாயமானது. தமிழ் என்ற பெயரைத் தாங்கிய அணியின் களத்தில் தமிழ்நாட்டுப் பையன்கள் போதுமான அளவுக்கு இல்லை. 2023 டிசம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் லீக் திரும்ப வந்தபோது கூட்டத்தின் குரல் அபிஷேக்குக்காக எப்படி உயர்ந்தது என்று தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஹரியானா ஆட்டக்காரர்கள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. சாகரையும் சாகிலையும் ரசிகர்கள் தங்கள் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இங்கே ஆள் இல்லாமல் போகவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷும், சென்னை கண்ணகி நகரின் கார்த்திகாவும் இருந்தார்கள். பொங்கல் விடுமுறையில் எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும், ஓரத்தில் குனிந்து நின்று இடுப்பைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு பையனையாவது பார்க்கலாம்.

எனவே அடுத்த ஏலத்தில் தலைவாஸ் நடுவிலைக்கு ஒரு கார்னரை எடுத்தால், அன்றிரவே தீர்ப்பு எழுதாதீர்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் கவர் யார் என்று பாருங்கள். அதே ஜோடி அடுத்த ஆண்டும் சேர்ந்து நிற்குமா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். சாகரும் சாகிலும் சேர்ந்து நின்று பழகிய பிறகுதான் அந்த அணி அரையிறுதியைப் பார்த்தது. ஒரு கார்னர் ஜோடிக்கு இரண்டு சீசன் கொடுக்கும் பொறுமை வேண்டும். 2019-இன் பெரிய பெயர்களுக்குக் கொட்டிய பணத்தில் பாதியை மாவட்டப் போட்டிகளில் ஆள் தேடுவதற்குச் செலவழிக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள்; தேடுகிறவர்கள் காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் வரட்டும்.